பதினொரு வீட்டுக்கும் ஒரே கை

அன்பு மகள் பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தை இந்த முறை நானே படித்தேன். தபால்காரர் கொடுத்த நீலத் தாளை உன் அம்மாவிடம்கூடக் காட்டாமல், பின்பக்கம் முருங்கை மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். காலையில் பசியாறிவிட்டு ஆரம்பித்தவன், மத்தியானச் சோற்றுக்கு அவள் கூப்பிட்டபோது கடைசி வரிக்கு வந்திருந்தேன். அறுபது தாண்டியவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கிளேபாங் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிக்கிறேன். "தாத்தா, அப்படியே டிக்கெட்டையும் படிச்சிருங்கலா, எனக்கு வேல மிச்சம்" என்று கண்டக்டர் கேலி செய்கிறான். செய்யட்டும். அவனுக்கு இது பழைய சோறு, எனக்கு விருந்து.

உன் கடிதத்தில் மூன்று செய்திகள். லண்டனில் போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி இல்லை, தடி ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். வெள்ளைக்காரன் ஆண்ட நம் நாட்டுப் பிள்ளையான உனக்கும் அங்கே வோட்டு உண்டு என்றும், தாளில் சின்னம், படம் கிடையாது, பெயர்தான், படிக்கத் தெரிந்தவர்களின் நாடு என்றும் எழுதியிருக்கிறாய். மூன்றாவதைத்தான் நான் நாலு முறை படித்தேன். "மாமாதான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நர்ஸ் படிப்புக்கு மனு எழுதிக் கொடுத்தார். அவர் நகர சபைத் தேர்தலில் நிற்கிறார், முன்மொழிய ஒரு கையெழுத்துத்தானே கேட்டார்? நாலு பேர் முன்னால் முடியாது என்று சொன்னீர்களாமே. ஏன் அப்பா?" இந்தக் கடிதம் அதற்குப் பதில். மெதுவாகத்தான் வரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது.

முனியாண்டிச் சித்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு, தனிக்கட்டை. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். ஜப்பான்காரன் காலத்தில் தாய் தகப்பனை சயாம் ரயில் வேலையில் தொலைத்தவன். எனக்குப் பக்கத்து நிரையில் பால் மரம் வெட்டினான். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில்தான் சாப்பாடு. காட்டுக்குள் போய்ச் சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க அவசர காலம் வந்து தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டபோது, துரை எங்களில் சிலரை ஹோம் கார்டு காவல் படையில் சேர்த்தார். எனக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரு துப்பாக்கி. மாலை கேட் மூடும்போது ஐந்து தோட்டாக்களை எண்ணிக் கொடுப்பார்கள், காலையில் எண்ணி வாங்குவார்கள். அனுமதி இல்லாமல் ஒரு தோட்டா எவன் கையில் இருந்தாலும் அவனுக்குத் தூக்கு என்று சட்டம். வேடிக்கையைப் பார், அப்போது எங்களுக்கு வோட்டு கிடையாது. இந்தியாவில் என் பெரியப்பா மகன் வோட்டுப் போட்டதை எழுதியிருந்தான். அவனும் என்னைப்போல் கைநாட்டு. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பெட்டி, பெட்டி மேல் படம், வேண்டிய பெட்டியில் தாளைப் போட்டால் போதுமாம். அங்கே துப்பாக்கி வேண்டுமென்றால் கலெக்டர் வரை போக வேண்டும். இங்கே துப்பாக்கியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வோட்டைக் கேட்டால் 'நீ இந்த நாட்டுக்காரனா?' என்றார்கள். தன் ஊரில் போலீஸுக்கே துப்பாக்கி கொடுக்காத வெள்ளைக்காரச் சர்க்கார், பால் மரம் வெட்டுகிறவன் தோளில் மாட்டிவிட்டது. எங்கள் கையை நம்பினார்கள், வாயை நம்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படியெல்லாம் நினைக்கத் தெரியாது. துப்பாக்கி கிடைத்ததே பெருமையாக இருந்தது.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை துப்பாக்கியை ஒப்படைக்கும்போது தோட்டா நாலுதான் இருந்தது. அந்த முறை காவல் என்னுடையது. தோட்டாவை எண்ணும் போலீஸ் கோப்ரல் என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். முனியாண்டி முன்னால் போய், "தொலச்சது நான்தான் துவான்" என்றான். இரண்டு அறை வாங்கினான், புத்தகத்தில் பெயரும் ஏறியது. மத்தியானம் காவல் கொட்டகைச் சாக்குக்கு அடியில் அந்தத் தோட்டா கிடைத்தது. "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே, "ஒங்களுக்குப் புள்ள இருக்குலாண்ணே. எனக்கு யாரு?" என்றான். கோப்ரலிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தோட்டாதான் கிடைத்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். புத்தகத்தில் அவன் பெயர் அப்படியே இருந்தது.

சில மாதம் கழித்து, தோட்டத்திலிருந்து யாரோ காட்டுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்து, ஊரடங்கைக் கூட்டி அரிசிப் படியைக் குறைத்தார்கள். நீ அப்போது ஜாசினில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர் யார் என்று தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம், பெயர் போட வேண்டாம், மறுநாள் காலை பூட்டிய பெட்டி வீடு வீடாக வரும், நீங்களே மடித்து அதில் போடுங்கள், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். நல்ல ஏற்பாடுதான், எழுதத் தெரிந்தவனுக்கு. எங்கள் வரிசையில் பதினொரு வீடு. எழுதத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் உன் மாமா தங்கராஜு, என் மச்சினன். அவரைத்தான் எல்லாரும் கூப்பிட்டோம். ரகசியப் பெட்டிக்குப் போகும் பதினொரு தாளையும் ஒரே கை எழுதியது. அதில் என்ன தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகையிலிருந்து செத்த வீட்டுத் தந்தி வரை எங்களுக்கு அவர் எழுத்துத்தானே.

"என்ன எழுதட்டும் மச்சான்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதுங்க மாப்பிள்ளை. அதானே உண்ம."

எழுதினார். "இந்தாங்க, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று விரலை ஓட்டிப் படித்தும் காட்டினார். அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்கு ஓர் ஆசை வந்தது. நம் வாயில் வந்த பேச்சு தாளில் உட்கார்ந்திருக்கிறதே, அதை வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இந்தக் காலத்தில் இதைவிட நல்ல வாசகம் வேறு என்ன? பால்வெட்டுக் கத்தியை எடுத்து, தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் மரப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கத்தில் ஒவ்வொரு வளைவாகப் பார்த்துச் செதுக்கினேன். பட்டையைக் காயப்படுத்தாமல் கோடு போடுகிற கை அது. ஒரு சுழிகூடத் தவறவில்லை. காலையில் பெட்டி வந்தது. தாளை மடித்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் பெட்டியில் போட்ட முதல் தாள் அதுதான் பாக்கியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த முனியாண்டியிடம் மூடியைத் திறந்து காட்டினேன். அவனுக்கும் எழுத்துத் தெரியாது. கையைத் துடைத்துவிட்டு வந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலால் தடவினான். "அழகா இருக்குண்ணே. எனக்கும் ஒரு பலகைல செதுக்கிக் குடுங்க" என்றான். புதன்கிழமை காலை லாரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. போகும்முன் துப்பாக்கியை ஒப்படைத்தான். ஐந்து தோட்டாவும் சரியாக இருந்தன. பத்து வீட்டுத் தாளில் அவன் பெயர் இருந்ததாகக் கோப்ரல் வாய்தவறிச் சொன்னார். முன்பே தோட்டா தொலைத்தவன் வேறு என்றார். சில மாதம் அடைத்து வைத்துவிட்டு, அவன் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அடுத்த வருஷமே காட்டுக்காரர் தொல்லை ஓய்ந்தது என்று நம் பக்கம் வெள்ளைப் பகுதி ஆகி, ஊரடங்கை எடுத்துவிட்டார்கள்.

லீவுக்கு வந்த நீ, "சித்தப்பா ஏன் அப்படிச் செஞ்சாங்க?" என்று அழுதாய். "யாரைத்தான் நம்புறது" என்று சொன்னேன். நானும் அதை நம்பினேன் மகளே. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பொய் சொல்வார்களா என்று நினைத்தேன். இதில் கேவலம் என்னவென்றால், பதினொன்றில் பத்து போக மீதி ஒரு தாள் என்னுடையது, அது அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை. அவனுடைய தாளும் அந்தப் பதினொன்றில் ஒன்று என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் அந்தப் பெருமையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

இந்த வருஷம் வகுப்பில் டீச்சரம்மா முதலில் எங்கள் பெயர்களை எழுதிக் காட்டினார், பிறகு உயிர்மெய் முழுவதையும். 'மு' பலகையில் வந்தபோது, இதை நான் முன்னாலேயே வெட்டியிருக்கிறேனே என்று கைக்குத் தோன்றியது. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தா பாரு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அப்பவே செதுக்கி வெச்சிருக்கேன், இன்னிக்கி நானே படிச்சிக் காட்டுறேன்" என்று பெட்டியைத் திறந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். முனியாண்டி அரிசி கொடுக்கிறான். மறுபடி படித்தேன். நான்தான் தப்பாகக் கூட்டுகிறேன் என்று டீச்சரம்மா வீட்டுக்குப் போய்த் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் ஒரே மூச்சில் அதையே படித்துவிட்டு, "யாருங்கையா முனியாண்டி?" என்றார். தன் பெயரைத்தான் அவன் விரலால் தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.

மூன்று வாரம் கழித்து மாமா வந்தார். கூட்டாளிகள் நாலு பேர், வேட்புமனு, புதுப் பேனா. நாங்கள் தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் பாச்சாங்குக்குக் குடிவந்து, குடியுரிமை எடுத்து, என் பெயர் வோட்டர் பட்டியலில் ஏறியிருந்தது. "மச்சான், ஒங்க மொதக் கையெழுத்து என் பேப்பர்லதான்! பத்திரிகைல கூடப் போடலாம், கைநாட்டா இருந்தவரே முன்மொழிஞ்சாருன்னு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பேனாவை மூடி அவர் பையில் வைத்துவிட்டு, "முடியாது மாப்பிள்ளை" என்றேன். இதைத்தான் உனக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் தனியாக வந்தார். "நாலு பேருக்கு முன்னால இப்படி அசிங்கப்படுத்திட்டீங்களே. அப்படி நான் என்னதான் செஞ்சேன்?" என்றார். பெட்டி மூடியைத் திறந்து வைத்தேன். குனிந்து படித்தார். என்னைப்போல் எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லையே. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"இத... எப்ப எழுதுனீங்க?"

"நான் எங்க எழுதுனேன்? நீங்க எழுதுனத வெட்டி வெச்சேன். எத்தன தாள்ல மாப்பிள்ளை?"

"பத்து. அவன் தாள மட்டும் வெறுந்தாளாதான் விட்டேன் மச்சான்." அதை ஒரு தருமம்போலச் சொன்னார். பிறகு குரலை ஏற்றினார். "வேற என்ன செய்யச் சொல்றீங்க? பதினோரு தாள்லயும் தெரியாதுன்னு போனா வெள்ளைக்காரன் அரிசிப் படிய ஏத்துவானா? கொழந்தைங்க கஞ்சித் தண்ணிக்கு அழுததுங்க. யாராச்சும் ஒருத்தன் போனாத்தான் விடுவான்னு இருந்துச்சி. புள்ளகுட்டி இல்லாதவன் போனா யாருக்கு நஷ்டம்னு நெனச்சேன். அவ்வளவுதான்லா."

"அவன் குடுத்தானா, அரிசி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பதில்தான் பாக்கியம், இன்னும் என் காதில் இருக்கிறது. முனியாண்டி என்னைக் காப்பாற்றியதற்குச் சொன்ன காரணமும், மாமா முனியாண்டியை அனுப்பியதற்குச் சொன்ன காரணமும் ஒன்றே. பிள்ளை இல்லாதவன். ஒருவன் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னான், மற்றவர் அதை இன்னொருவனைப் பற்றி முடிவுசெய்தார். மாமா சொன்னதில் நடந்தது ஒன்று உண்டு: படியை ஏற்றினார்கள். நீ லீவுக்கு வந்தபோது வயிறாரச் சாப்பிட்டது அந்த அரிசிதான். இதை மறைத்தால் நானும் அவர் மாதிரிதான், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அடங்கவில்லை. யாராவது ஒருவன் போகத்தான் வேண்டும் என்றால், எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டிருக்கலாமே? பத்து வீட்டையும் கேட்டிருந்தால் ஒருவராவது அவன் பெயரைச் சொல்லியிருப்போமா? சொல்லியிருந்தால் அந்தப் பாவம் எங்களுடையது என்று தெரிந்தாவது செத்துப்போவோம். எங்கள் வாயில் வராததை எங்கள் கையால் பெட்டியில் போட வைத்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிய சர்க்கார், பத்துத் தாளும் ஒரே கையெழுத்தா என்று பார்க்கவில்லை. பார்த்தும் பேசாமல் இருந்திருக்கலாம். அவர்களுக்கும் ஒரு பெயர்தானே வேண்டியிருந்தது.

இங்கே கடிதத்தை நிறுத்தியிருந்தேன். நடுவில் தேர்தல் வந்து போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த தம்பி என் வயதைப் பார்த்து, "தாத்தா, படிக்கத் தெரியாட்டி சொல்லுங்க, ஆபிசர் போட்டுத் தருவாரு" என்றது. "வேண்டாம் தம்பி, ஒரு தடவ போட்டுக் குடுத்தாங்க, போதும்" என்றேன். அதற்கு ஒன்றும் புரியவில்லை. மறைவுக்குள் நானும் தாளும் மட்டும். பெயரையும் படித்தேன், படத்தையும் பார்த்தேன். உன் ஊரில் படம் இல்லை என்று பெருமையாக எழுதியிருந்தாய். படம் இருக்கட்டும் மகளே. எழுத்துத் தெரியாதவன் இன்னொருவன் கையைத் தேடிப் போகாமல் இருக்க அந்தப் படம் ஒன்றுதான் துணை. யாருக்குப் போட்டேன் என்று உன்னிடமும் சொல்லமாட்டேன். மாமா ஜெயித்துவிட்டார். நல்ல உறுப்பினராகத்தான் இருப்பார். எங்கள் தெருச் சாக்கடையை அடுத்த நாளே வந்து பார்த்தார். என் வாசலைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். சர்க்காருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். அந்தத் தாளில் நான் எழுதச் சொன்னது வேறு, எழுதப்பட்டது வேறு. தோட்டாவைத் தொலைத்தது நான், அவன் இல்லை. முனியாண்டியை எந்த ஊருக்கு அனுப்பினீர்கள் என்று சொல்லுங்கள், அவன் திரும்பி வர வழி விடுங்கள். மாமா பெயரைப் போடவில்லை. எழுதியது யார் என்று கேட்டு வந்தால் மறைக்கப் போவதும் இல்லை. டீச்சரம்மா அதை மலாயில் எழுதி இணைத்திருக்கிறார். "ஐயா, அவசர காலச் சட்டம் இன்னும் இருக்கு. பொய்த் தகவல் குடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கிற மாதிரி இருக்குங்க" என்று பயந்தார். அந்தப் பத்து வீடுகளில் இன்னும் பாதிப் பேர் குருபோங் பக்கம் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் பழசைக் கிளறாதே என்று கதவைச் சாத்தினார்கள். அய்யாக்கண்ணு ஒருவர்தான் உட்காரச் சொல்லி, "நீயே எனக்கும் சேத்து எழுதிரு, நான் வெரல வெச்சிர்றேன்" என்றார். எழுத மறுத்துவிட்டேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டு அவர் சொன்னதை எழுதச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படிக்கச் சொல்லி, இரண்டும் ஒன்றுதான் என்று ஆன பிறகே விரலை வைக்க விட்டேன். "நீ எப்படா இவ்ளோ பெரிய வக்கீல் ஆன?" என்று திட்டினார்.

இதனால் உனக்கு அங்கே தொல்லை வருமோ, மாமாவை நீ வெறுத்துவிடுவாயோ என்றெல்லாம் உன் அம்மா அழுதாள். இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் எந் தம்பி. ஆனா முனியாண்டி இந்தக் கையால சாப்புட்டவன். அனுப்புங்க" என்றாள். மாமாவிடம் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உனக்கு எழுத்துக் கொடுத்த கையும் அதுதான். உன் தாளை நீயே எழுது. அங்கே ஆஸ்பத்திரியில் கண் தெரியாத நோயாளி யாராவது தன் வோட்டுத் தாளையோ கடிதத்தையோ உன்னிடம் நீட்டினால், அவர் சொன்னதை மட்டும் எழுது. அதைத் தவிர உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மனுவின் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். முதல் கையெழுத்து. மாமாவின் புதுப் பேனா இல்லை, வகுப்புப் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டு, மை தொட்டு எழுதும் கட்டைப் பேனாவில். பொழுது விடிந்ததும் பாச்சாங் சந்தியில் இருக்கும் தபால் பெட்டிக்குப் போவேன். அதுவும் பூட்டுப் போட்டு வாய் பிளந்த பெட்டிதான். இரண்டு தாள் போடப் போகிறேன், ஒன்று சர்க்காருக்கு, ஒன்று உனக்கு. இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்பா